நகத்தில் ஏறிய பாவம்

அந்த வருஷம் மார்கழி பிறந்ததும் ஒட்டன்சத்திரத்திலிருந்து கொடைக்கானல் மலைக்கு ஏறிய லாரிகளில் பாதி, உருளைக்கிழங்கு ஏற்றி வரப் போனவை அல்ல. பாவத்தை இறக்கிவிட்டு வரப் போனவை.

பூம்பாறையைத் தாண்டிக் கவுஞ்சிக்குப் போகிற பாதையில், மலைச்சரிவில் ஒரு சுனை உண்டு. மார்கழி, தை மாதங்களில் அதில் வாய்வைக்க மாடுகூட ஒருமுறை யோசிக்கும். மலை உண்டான நாளிலிருந்து அது அங்கேதான் கிடந்தது. ஒருவரும் அதைக் கும்பிடவில்லை. திடீரென்று ஒருநாள் தாடியும் கம்பளியுமாக ஒருவர் வந்து அதன் கரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்த கொஞ்ச நாளிலேயே சுனைக்குச் சக்தி வந்துவிட்டது, 'நீலச்சுனை' என்று பெயர் வந்துவிட்டது, பக்கத்தில் ஒரு டீக்கடையும் வந்துவிட்டது. தெய்வம் இருக்கிற இடத்தில் டீக்கடை முளைப்பது நம் நாட்டு வழக்கம். அந்தத் தெய்வத்தைப் பற்றிப் பாதி அற்புதங்கள் அந்த டீக்கடையிலேயே முளைப்பதும் அதே வழக்கந்தான்.

வந்தவர் பெயர் நீலகண்டச் சித்தர். வயது முந்நூறு என்றார்கள். முந்நூறு வயசுக்காரருக்குத் தாடியில் பாதி கறுப்பாக இருக்கிறதே என்று ஒருவன் கேட்டானாம். "அது பூர்வஜென்மத்து நரை, இது இந்த ஜென்மத்துக் கறுப்பு" என்று பதில் வந்ததாம். கேட்டவன் கும்பிட்டுவிட்டு நகர்ந்தான். அர்த்தமில்லாத பதிலுக்கு எதிர்க்கேள்வி கேட்க முடியாதல்லவா?

மனிதன் செய்த பாவமும், பிறத்தியார் வைத்த செய்வினையும் ரத்தத்தில் விஷமாக ஒளிந்து கிடக்கும். சுனைத் தண்ணீரில் கையை வைத்தால் அந்த விஷம் ஓடி வந்து நகத்தில் நிற்கும். இதுதான் சித்தர் கண்ட தத்துவம்.

வேடிக்கை என்னவென்றால், நிஜமாகவே நின்றது! விடியுமுன் சுனையில் தலை முழுகி, ஈரத்துணி உடம்போடு ஒட்ட, ஊதற்காற்றில் வரிசையில் நின்று, சுனைத் தண்ணீர் ஓடுகிற கல்தொட்டிக்குள் இரண்டு கையையும் விட்டு, சித்தர் மந்திரம் சொல்லி முடிக்கிறவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால், பத்து நகமும் நீலம் பாரித்துவிடும். உதடும் அப்படியே. சித்தரின் சீடன் ஒருவன் அந்தக் கையைத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டுவான். "பாத்துக்கங்க! பாவம் வெளிய வந்துருச்சு!" கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

அதன் பிறகு விமோசனம். நகம் ஒன்றுக்கு வெள்ளியில் செய்த நகம் ஒன்று காணிக்கை. வெள்ளி நகத்தைச் சீடனே துண்டு விரித்து விற்றான். விற்ற நகம் உண்டியலுக்குப் போகும். உண்டியலிலிருந்து துண்டுக்குத் திரும்பி வரும். ஒரே நகம் எத்தனை பேர் பாவத்தைத் தீர்த்ததோ, அந்த நீலகண்டனுக்கே வெளிச்சம். காணிக்கை போட்டவர், கோணிப்பையால் சுற்றிக் கட்டிய ஒரு பெரிய திருநீற்று அண்டாவுக்குள் கையைப் புதைக்க வேண்டும். அண்டாவுக்குள் கதகதவென்று இருக்கும். சாமியின் தவச்சூடு! கொஞ்ச நேரம் கழித்துக் கையை எடுத்தால், நகம் ரோஜாப்பூ நிறம். பாவம் போயே போச்சு.

பங்குனி வெயில் ஏறியதும் சித்தர் மௌனவிரதத்தில் உட்கார்ந்துவிடுவார். யார் வந்து கெஞ்சினாலும் தொட்டியில் கை வைக்க அனுமதி கிடையாது. வெயில் காலத்தில் பாவம் நகத்துக்கு வராதாம். கோடை விடுமுறை பள்ளிக்கூடத்துக்கு மட்டுந்தான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், பாவத்துக்கும் உண்டு.

இப்படிப்பட்ட சித்தரிடம் போய் மாட்டினார் பொன்னுச்சாமி.

பொன்னுச்சாமிக்கு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் மண்டி. மார்க்கெட்டில் அவரை ஏமாற்றப் பிறந்தவன் இல்லை என்பார்கள். வியாபாரி மேலாக்க நல்ல கிழங்கை அடுக்கி, அடியில் சொத்தையைப் போட்டிருந்தால், மூட்டைக்குள் தோள்வரை கையை விட்டு அந்தச் சொத்தையை எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டுவார். காய்கறியில் அத்தனை சந்தேகம். சாமியார் விஷயத்தில் மட்டும் கிடையாது.

அவருக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒரே மகள் தமயந்தி. ஏழு வயசு. வாய் ஓயாமல் பேசுகிற பிள்ளை. ஆனால் எந்நேரமும் மை தின்ற வாய்போல உதடு நீலமாக இருக்கும். நகமும் நீலம். விரல் நுனிகள் தவில்குச்சி முனைபோல் உருண்டு போயிருந்தன. நாலு எட்டு ஓடினால் மூச்சு இரைக்கும். உடனே நின்ற இடத்திலேயே முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக் குத்தவைத்து உட்கார்ந்துகொள்வாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அப்படி உட்கார்ந்தால் மூச்சு திரும்பும் என்று அவள் உடம்பே கண்டுபிடித்துக்கொண்டது.

பழனி ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா பிள்ளையின் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். நெஞ்சில் குழல் வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு தாயையும் தகப்பனையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"பாப்பா இதயத்துல ஒரு ஓட்டை இருக்கு. நுரையீரலுக்கு ரத்தம் போற வழியும் குறுகலா இருக்கு. காத்துப் படாத கெட்ட ரத்தம் நல்ல ரத்தத்தோட கலந்து உடம்பு பூரா ஓடுது. அதான் நீலம். மருந்துல சரியாகாது. வேலூருக்குக் கூட்டிட்டுப் போங்க. ஆபரேஷன் பண்ணணும். தள்ளிப் போடாதீங்க."

பொன்னுச்சாமி எக்ஸ்ரே படத்தை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அவருக்கு ஓட்டை தெரியவில்லை. காடைக்குஞ்சின் எலும்புபோல மகளின் விலா எலும்புகள்தான் தெரிந்தன. இதைப் பிளப்பதா? படத்தை உறைக்குள் திணித்தார். அன்றைக்கே வேலூர் என்ற ஊர் அவர் காதில் விழாத ஊராகிவிட்டது.

கத்திக்குப் பயந்தவனுக்குக் கதை கிடைக்காமலா போகும்? தமயந்தி வயிற்றில் இருந்தபோது, புதிதாக வாங்கிய தோட்டத்தில் புதரை வெட்டுகையில் ஒரு நல்லபாம்பை அடித்தது ஞாபகம் வந்தது. பாம்பு விஷம் நீலம், பிள்ளையும் நீலம். கணக்குச் சரியாகிவிட்டது!

"பாம்பை அடிச்சது நீங்க. விஷம் ஏறுனா உங்களுக்குல்ல ஏறணும்?" என்றாள் மனைவி சண்முகசுந்தரி. "வவுத்துல கெடந்த புள்ளைய அதுக்கு எப்படி அடையாளம் தெரியும்?"

சுந்தரி பிறந்தது பழனி அடிவாரம். அவள் அப்பா பாதயாத்திரைக்காரர்களுக்கு விபூதியும் மாலையும் விற்றவர். முருகனைக் கும்பிடுவாள், முருகன் பேரைச் சொல்லி எவனாவது கை நீட்டினால் அந்தக் கையைத்தான் முதலில் பார்ப்பாள்.

"ஒனக்குத் தெய்வ பயம் கெடயாதுடி" என்றார் பொன்னுச்சாமி.

"இருக்குங்க. மனுசப் பயம் அதவிடக் கூட இருக்கு."

மண்டிக்குக் கவுஞ்சியிலிருந்து சரக்கு ஏற்றி வருகிற லாரி டிரைவர் இருளப்பன்தான் சித்தரின் பெருமையை முதலில் கொண்டுவந்தான். "மொதலாளி, என் நகத்துலயே நீலம் ஏத்தி நீலம் எறக்கிக் காமிச்சாருங்க. மாமியா வச்ச செய்வினையாம். அண்டாவுல கைய விட்டேன், அம்புட்டும் ஓடிருச்சு!"

பொன்னுச்சாமி வீட்டில் சொல்லாமல் அந்த லாரியிலேயே ஏறிப் போனார். சுனைக்குப் பக்கத்தில் ஞானம்மா என்ற பெண் நடத்துகிற டீக்கடை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்து, மலையில் கூலிவேலை பார்த்து, கடைசியில் டீக்கடை போட்டவள். அங்கே பெஞ்சில் உட்கார்ந்து, பிள்ளை, பாம்பு, தோட்டம் எல்லாவற்றையும் இருளப்பனிடம் புலம்பித் தீர்த்தார். பக்கத்தில் காவித்துண்டு போட்ட ஒருவன் டீயை வெகுநேரமாக ஆற்றிக்கொண்டிருந்தான். மலைக்குளிரில் இவ்வளவு நேரம் டீயை ஆற்றுகிறவன் யார் என்று பொன்னுச்சாமி யோசித்திருக்கலாம். யோசிப்பதற்கா அவர் மலை ஏறினார்?

அவர் தொட்டியில் கை வைத்தார். நகம் நீலமானது. சித்தர் கண்ணை மூடினார்.

"பாம்பு தெரிகிறது. தோட்டம் தெரிகிறது. பெண்குழந்தை ஒன்று தெரிகிறது."

பொன்னுச்சாமி அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டார். அண்டாவில் கைவிட்டு எழுந்தபோது அவர் நகம் சிவந்திருந்தது. கண்ணும் அழுது சிவந்திருந்தது. "மகளைக் கொண்டு வா" என்று உத்தரவாயிற்று.

வீட்டுக்கு வந்ததும் சுந்தரியிடம் நகத்தை நீட்டினார். "பாரு, எப்படிச் செவந்து கெடக்கு!"

"மார்க்கெட்டுக்குப் போறப்பவும் இப்படித்தான் இருந்துச்சு" என்றாள் அவள். நாள் முழுக்க வாக்குவாதம். கடைசியில் அவளே இறங்கி வந்தாள். "சரி, வாரேன். ஒரே ஒரு தடவை. அங்க ஒண்ணும் ஆகலைன்னா நேரா வேலூரு. பழனியாண்டவர் மேல சத்தியம் பண்ணுங்க." பொன்னுச்சாமி பண்ணினார். சித்தர் வாக்கு பலிக்கும் என்பதில் அவருக்கு அவ்வளவு உறுதி.

இருளப்பன் லாரியில் முன்பக்கத்து சீட்டில் மூன்று பேருமாக உட்கார்ந்து போனார்கள். சுனைக்கு வெள்ளனே போய்ச் சேர்ந்தபோது புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. அந்த நேரத்திலும் திருவிழாக் கூட்டம். ஆயக்குடி, பழனி, திண்டுக்கல், இன்னும் எங்கெங்கிருந்தோ. ஈரத்துணியோடு நடுங்குகிறவர்களைப் பார்த்து, "சாமி அருள் எறங்குது" என்றார்கள். குளிருக்கு நடுங்கினாலும் அருள், காய்ச்சலுக்கு நடுங்கினாலும் அருள்!

பிள்ளையைத் தலை முழுக வைக்கச் சுந்தரி மறுத்துவிட்டாள். "கையை மட்டும் வைப்பா. முடியாதுன்னா இப்பவே கெளம்புறோம்." சீடன் முணுமுணுத்துக்கொண்டு ஒத்துக்கொண்டான். தமயந்தியை இடது இடுப்பில் தூக்கிச் சால்வைக்குள் அணைத்தபடி, வலது கையால் பிள்ளையின் கைகளைப் பிடித்துத் தொட்டிக்குள் விட்டாள் சுந்தரி. சித்தர் அன்றைக்குப் பார்த்து மந்திரத்தை இழு இழு என்று இழுத்தார்.

"அம்மா, குத்துதும்மா" என்று பிள்ளை அழுதது.

"குத்தும். விஷம் இறங்கும்போது குத்தத்தான் செய்யும்" என்றார் சித்தர், கம்பளிக்குள் கையைக் கதகதப்பாக வைத்துக்கொண்டு.

நகம் கருநீலமாகியது. கூட்டம் வாயைப் பிளந்தது. தமயந்தியின் கைகளை அண்டாவுக்குள் புதைத்தார்கள். முன்னே நின்றவர்களுக்கெல்லாம் சிவந்தது. பின்னே நின்றவர்களுக்கும் சிவந்தது. தமயந்தியின் நகம் மட்டும் நீலமாகவே இருந்தது. இன்னொருமுறை புதைத்தார்கள். அப்போதும் நீலம்.

கூட்டத்தில் கிசுகிசுப்பு. சித்தர் முகத்தில் ஒரு விநாடி கலக்கம் தெரிந்தது. ஒரே விநாடிதான். தொழில் தெரிந்தவர்.

"நாகத்தின் சாபம் எலும்புவரை போயிருக்கிறது. நகத்தால் தீராது. குழந்தையை முழுசாகச் சுனையில் முக்கி எடு!"

"வேணாங்க" என்றாள் சுந்தரி.

"பேசாம இருடி!" பொன்னுச்சாமி பிள்ளையை அவளிடமிருந்து பறித்துக்கொண்டு போனார். அவர் கல்நெஞ்சக்காரர் அல்ல. போகிறபோதே, "ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்லடா தங்கம்" என்று பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டேதான் போனார். அன்பு நிறைய இருந்தது. அதோடு கூட இருக்க வேண்டியதுதான் இல்லை.

இடுப்பளவுக்குத் தண்ணீர் பட்டதும் தமயந்தி வீறிட்டாள். மூச்சை இழுத்தாள், இழுத்த மூச்சு போதவில்லை. உதடு கறுத்தது, முகம் கறுத்தது, கண் சொருகியது. அழுகை சட்டென்று நின்றது. தலை தகப்பனின் தோளில் சாய்ந்தது.

"விஷம் இறங்குது! விஷம் இறங்குது!" என்று கத்தினான் சீடன்.

சுந்தரி பாய்ந்தாள். வலது கையைத் தோள்வரை சுனைக்குள் விட்டுப் பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு, டீக்கடை அடுப்பை நோக்கி ஓடினாள். ஞானம்மா பலகையை இழுத்துப் போட்டாள். சுந்தரி ஈரத்துணியை உருவி எறிந்துவிட்டு, பிள்ளையின் முழங்கால் இரண்டையும் மடக்கி நெஞ்சோடு சேர்த்து அழுத்தி, சால்வையால் சுற்றி, இடது கையால் தன் மாரோடு இறுக்கிக்கொண்டாள். பிள்ளை தானாகக் குத்தவைத்து உட்காருகிற அதே மாதிரி.

"மூச்சு விடும்மா. மெள்ள. அம்மா இருக்கேன்ல, மெள்ள விடு."

பொன்னுச்சாமி எதிரில் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பிள்ளையின் விலா அடிக்கிறதா, நின்றுவிட்டதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விரும்பவும் இல்லை. கடைசியில் தமயந்தி இருமினாள். கண்ணைத் திறந்து, "குளுருது" என்றாள். பொன்னுச்சாமி வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார்.

சித்தர் சும்மா விடுவாரா? கூட்டத்தோடு டீக்கடைக்கே வந்துவிட்டார். அவர் கண் சுந்தரியின் வலது கையில் விழுந்தது. ஈரமாய், காற்றில் விறைத்துக் கிடந்த கை. நகமெல்லாம் நீலம்.

"இதோ பாருங்கள்!" என்று கையை நீட்டினார். "விஷம் யாரிடம் இருக்கிறதென்று பாருங்கள்! இவள் தலை முழுகவில்லை. காணிக்கை போடவில்லை. சாமியைச் சந்தேகப்பட்டாள். குழந்தையைத் தின்பது பாம்பல்ல, பெற்றவள்! இவளை விலக்கி வைக்காத வரை குழந்தை பிழைக்காது!"

கூட்டம் உறுமியது. ஒருத்தி, "புள்ளைய அவகிட்டருந்து வாங்குங்க" என்றாள். இன்னொருவன் பொன்னுச்சாமியின் தோளைப் பிடித்து உலுக்கினான். "ஏன்யா பாத்துக்கிட்டு இருக்க? வாங்குய்யா புள்ளைய!"

சுந்தரி தன் வலது கையைப் பார்த்தாள். சித்தர் சொன்னது சரிதான். நீலமாகத்தான் இருந்தது. அவளுக்கே ஒரு கணம் பக்கென்றது. பிறகு சால்வைக்குள்ளிருந்து, பிள்ளையின் சூட்டோடு ஒட்டிக் கிடந்த இடது கையை வெளியே எடுத்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

சிரித்துவிட்டாள்.

"சாமி, இந்தக் கையில பாவம் இருக்கு, ஒத்துக்கிறேன். இந்தக் கையில எங்க போச்சு?"

இடது கை நகங்கள் ஐந்தும் சிவப்பு.

கூட்டம் எட்டிப் பார்த்தது. சித்தர் இரண்டு தடவை எச்சில் விழுங்கினார். "வலது கை செய்கிற கை. பாவம் செய்கிற கையில்தான் தங்கும்!"

"ஆகா" என்றது கூட்டம். என்ன சொன்னாலும் ஆகா சொல்லப் பழகிய கூட்டம்.

"அப்படியா? ஏங்க, எந்திரிங்க" என்றாள் சுந்தரி கணவனிடம். "போன வாரம் உங்க பாவம் பூராத்தையும் இவரு எடுத்துட்டாரு. இப்ப எடது கைய மட்டும் தொட்டியில வைங்க. வலது கைய கக்கத்துல இடுக்கிக்கங்க. எந்தக் கையில பாவம் வருதுன்னு பாப்போம். கெழங்கு மூட்டைன்னா அடிவரைக்கும் கைய விட்டுப் பாப்பீங்கள்ல? பெத்த புள்ளைக்காக ஒரு தடவை பாருங்க."

பொன்னுச்சாமி சித்தரைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அவள் மடியில் துவண்டு கிடக்கிற பிள்ளையைப் பார்த்தார். எழுந்துபோய், இடது கையைத் தொட்டிக்குள் விட்டார். வலது கை கக்கத்தில்.

"மந்திரம் சொல்லுங்க சாமி" என்றார். பொன்னுச்சாமி வாழ்க்கையில் ஒரு சாமியாருக்கு உத்தரவு போட்டது அதுதான் முதல் தடவை.

சித்தர் வாய் திறக்கவில்லை. கூட்டமே மந்திரத்தைச் சொல்லிற்று. கேட்டுக் கேட்டு எல்லாருக்கும் மனப்பாடம். முடிந்ததும் பொன்னுச்சாமி இரண்டு கையையும் தூக்கினார். இடது நீலம், வலது சிவப்பு.

"பாவம் எடது கைக்கு மாறிருச்சே சாமி! இந்தக் கையால நான் சோறுகூடத் தின்னதில்லையே!"

இருளப்பன் முண்டியடித்துக்கொண்டு வந்தான். அவனும் வைத்துப் பார்த்தான். வைத்த கையில் நீலம், வைக்காத கையில் இல்லை. அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "மாமியா செய்வினைன்னு சொன்னியே! பொங்கலுக்கு அந்தப் பொம்பளைய வாசப்படி மிதிக்க விடலையேடா நான்!" என்று பாய்ந்து சித்தரின் மணிக்கட்டைப் பிடித்தான்.

"என்னைத் தொடாதே! நான் சிவாம்சம்!"

"அப்ப ஒண்ணும் வராதுல்ல, வா சாமி!"

கம்பளியிலிருந்து சித்தரின் கை வெளியே வந்து தொட்டிக்குள் போனது. இருளப்பன் பிடி, கிழங்கு மூட்டை தூக்கிய பிடி. மந்திரத்தைக் கூட்டம் இந்தத் தடவை ராகம் போட்டு, நிறுத்தி நிதானமாகச் சொல்லிற்று. சித்தரின் பல் தந்தியடித்தது. கையை வெளியே எடுத்தார்கள். சிவாம்சத்தின் நகத்தில் அப்பட்டமான நீலம்!

"சாமிக்கே செய்வினை!" என்று யாரோ கத்த, முதல் சிரிப்பு கிளம்பியது.

"இருங்க, விமோசனமும் பாத்துருவோம்" என்றாள் சுந்தரி. "ஞானம்மா, சூடா ஒரு டீ போட்டு அவரு கையில குடுங்க."

சித்தர் டீ கிளாஸை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். பாவம், குளிர் அவருக்கும் குளிர்தானே. டீ ஆறுவதற்குள் நகம் சிவந்துவிட்டது. வெள்ளி நகம் இல்லை, திருநீறு இல்லை, தவச்சூடு இல்லை. டீக்கடை கிளாஸ் பாவத்தைத் தீர்த்துவிட்டது! இருளப்பன் போய் அண்டாவைச் சுற்றியிருந்த கோணியை உருவினான். அடியில் கரி கனன்றுகொண்டிருந்தது. சீடனைத் தேடினார்கள். உண்டியலையும் காணோம்.

சித்தர் தாமாகவே எல்லாவற்றையும் கக்கினார். பெயர் வேலப்பன். கொடைக்கானல் ஏரிக்கரையில் டூரிஸ்டுகளுக்கு யூகலிப்டஸ் தைலம் விற்றவர். சமவெளியிலிருந்து வந்த ஒரு அம்மாள் குளிரில் நீலமான நகத்தைக் காட்டி, "எனக்கு என்னமோ ஆயிருச்சு" என்று பதறியிருக்கிறாள். கையைத் தேய்த்துவிட்டுத் தைலம் தடவியிருக்கிறார். சரியானதும் அவள் இவர் காலில் விழுந்துவிட்டாள். "நான் தைலந்தான் வித்தேங்க. அவங்களா விழுந்தாங்க" என்றார் வேலப்பன். அதுமட்டும் பொய் அல்ல.

ஞானம்மா அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்: "எங்க தோட்டத்துல பனி காலத்துல கொழுந்து எடுக்கையில அம்புட்டுப் பேருக்கும் நகம் இப்படித்தான் தாயி. கங்காணிக்கும் நீலந்தான், தொரைக்கும் நீலந்தான்."

"தெரிஞ்சுமா இம்புட்டு நாள் சொல்லாம இருந்தீங்க?"

"டீ ஓடுச்சே தாயி" என்றாள் ஞானம்மா. தலை நிமிரவில்லை.

சுந்தரி மகளை எழுப்பி உட்கார வைத்தாள். "நாக்கை நீட்டும்மா." தமயந்தி நீட்டினாள். "எல்லாரும் பாருங்க. இவ தண்ணியில நாக்கையா வச்சா? அடுப்போரத்துல உக்காந்து உடம்பு சுடுது. இப்பவும் நாக்கு நீலம். குளுருல நகம் நீலமானா ஒரு டீயில சரியாப் போகும். இது நெஞ்சுக்குள்ள இருக்கற கோளாறு. எந்த அண்டாவுலயும் தீராது. ஏங்க, சத்தியம் ஞாபகம் இருக்கா?"

"இருளப்பா, வண்டிய எடுய்யா" என்றார் பொன்னுச்சாமி. "சரக்கு கெடக்கட்டும். வெரசா."

அவர்கள் லாரி ஏறுகையில் ஒரு பெரியவர் வேலப்பனின் காலடி மண்ணை எடுத்து மடியில் முடிந்துகொண்டிருந்தார். "நம்ம பாவத்தையெல்லாம் சாமி தன் நகத்துல வாங்கிக்கிட்டாருய்யா. அதான் அவருக்கும் நீலம்." கண் இரண்டும் நன்றாகத் தெரிகிற பெரியவர்தான்.

வேலூரில் ஆபரேஷன் செய்கிற டாக்டரம்மா பழைய ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "எப்பவோ வரச் சொல்லியிருக்காங்களே, ஏன் வரல?" பொன்னுச்சாமி சுவரைப் பார்த்தார். ஆபரேஷன் அன்றைக்கு அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வராந்தாவில் மனைவியின் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று நர்ஸ் சொன்னபோதும் அவர் அதை விடவில்லை. சுந்தரிதான் இழுத்துக்கொண்டு போனாள். குழாய்களுக்கு நடுவில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. பொன்னுச்சாமி முகத்தைப் பார்க்கப் பயந்து, போர்வைக்கு வெளியே கிடந்த கையைப் பார்த்தார். நகம் சிவந்திருந்தது. தொட்டுப் பார்த்தார். அழுத்தி விட்டுப் பார்த்தார். வெளுத்து, மறுபடி சிவந்தது. இன்னும் சில வருஷம் கழித்து இன்னொரு ஆபரேஷன் வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். "சொல்ற தேதிக்கு முந்தின நாளே வந்துர்றோங்க" என்றார் பொன்னுச்சாமி.

ஊர் திரும்பிய மூன்றாம் நாள் காலை, வீட்டு வாசலில் சத்தம். கதவைத் திறந்தால் பெரிய கூட்டம். தட்டில் தேங்காய், பழம், பூ. நீலமாய்ப் போன பிள்ளை சிவப்பாய்த் திரும்பி வந்திருக்கிறதாம். நாகாத்தாளே மனமிறங்கிச் சாபத்தை எடுத்துக்கொண்டாளாம். தமயந்தி கையால் ஆளுக்கு ஒரு சிட்டிகை திருநீறு வேண்டுமாம். முன்வரிசையில், இருளப்பனின் மாமியார்.

தமயந்தி வாசலுக்கு ஓடி வந்து, தன்னைப் பார்த்துக் கும்பிடுகிறவர்களைப் பார்த்துத் திகைத்து நின்றாள். சுந்தரி அவளைப் பின்னால் தள்ளிவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள்.

"எவ நெஞ்சைத் தொறந்து சரி பண்ணாளோ அந்த வேலூரு டாக்டரம்மா விலாசம் வேணும்னா எழுதித் தாரேன். சாம்பல்தான் வேணும்னா எங்க அடுப்புல நெறைய கெடக்கு, அள்ளிக்கிட்டுப் போங்க. ஆனா ஒண்ணு. எங்க போனாலும் செருப்பைத்தான் வெளிய கழட்டி வைக்கணும். மண்டையில இருக்கறத இல்ல."